எஸ்எல்-1200லிருந்து சிடிஜேவுக்கு மாறுகிறேன்: எதிலிருந்து தொடங்குவது?

கருவட்டு45:

வணக்கம் நண்பர்களே. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள் இரண்டு, இரண்டு சேனல் மிக்ஸர், ஆர்டோஃபோன் கன்கார்ட் ஊசிகள். இதுதான் இப்போதைய செட்டப். ரெக்கார்டுகளில் பாதி ஹவுஸ், டிஸ்கோ 12 அங்குலத் தட்டுகள். மீதி 1970கள், 80களின் தமிழ்த் திரைப்பாடல் எல்பி, இபி.

இனி செட் போடப்போகும் இடத்தில் டர்ன்டேபிளே கிடையாது. பயனியர் சிடிஜே-2000 நெக்ஸஸ்2 (பென்டிரைவிலிருந்து வாசிக்கும் டிஜே பிளேயர்) இரண்டும் டிஜேஎம்-900 நெக்ஸஸ்2 மிக்ஸரும்தான் இருக்கின்றன. காதால் பீட்மேட்ச் (இரண்டு பாட்டின் வேகத்தையும் அடியையும் பொருத்துவது) செய்ய வரும். ஸ்கிராட்ச் கிடையாது, மிக்ஸிங் மட்டும்தான்.

டர்ன்டேபிளை வைத்துக்கொண்டு டிவிஎஸ் (டைம்கோடு ரெக்கார்டால் லேப்டாப் ஃபைலை இயக்கும் முறை) போடுவதா, நேராகப் பென்டிரைவுக்குப் போவதா? நெக்ஸஸ்2 வாங்கும் அளவுக்குக் கையில் பணமில்லை, வீட்டில் எதில் பழகலாம்? ரெக்கார்டுகளை ஃபைலாக மாற்ற என்ன அமைப்பு? பழக்கதோஷத்தில் எங்கெங்கே தடுமாறுவேன் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

நாலுக்குநாலு:

கிளப்பில் டர்ன்டேபிள் இல்லை என்றால் டிவிஎஸ் உங்கள் சிக்கலைத் தீர்க்காது. டைம்கோடு ரெக்கார்டு, ஆடியோ இன்டர்ஃபேஸ், லேப்டாப் மூன்றையும் சுமந்துகொண்டு போனாலும், ரெக்கார்டு சுற்ற அங்கே டர்ன்டேபிள் வேண்டுமே. ரெக்கார்டின் மேல் ஒட்டிவைக்கும் ஃபேஸ் மாதிரியான வயர்லெஸ் கருவிகளுக்கும் இதே கதைதான். ஊசி தேவையில்லை, ஆனால் சுற்றும் தட்டு தேவை. வீட்டில் மட்டும் வினைல் உணர்வோடு ஃபைல் வாசிக்க வேண்டும் என்பவர்களுக்கு டிவிஎஸ் இன்றும் அருமையான வழி. உங்கள் தேவை அதுவல்ல.

மோட்டார் வைத்த டிஜிட்டல் டெக்குகளும் (பிளேயர்களும்) கன்ட்ரோலர்களும் இருக்கின்றன: டெனான் எஸ்சி6000எம், ரேன் ஒன், பயனியர் டிடிஜே-ரெவ்7. ஸ்கிராட்ச் செய்பவர்களுக்குத் தட்டு தானாகச் சுற்றுவது முக்கியம், அவர்கள் அதற்குப் பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. மிக்ஸிங் மட்டும் என்றால் வேண்டாம்.

ஆகவே நேராகப் பென்டிரைவுதான். வீட்டில் பழக, ரெக்கார்ட்பாக்ஸில் (பாட்டுகளைத் தயார் செய்யும் பயனியர் மென்பொருள்) தயாரித்த பென்டிரைவை நேரடியாகப் படிக்கும் எதுவும் சரி. பழைய எக்ஸ்டிஜே-1000 எம்கே2 இரண்டு கிடைத்தால் ஒரு லேன் கேபிளில் இணைத்துவிடலாம். அதன் மெனு, திரை, க்யூ பட்டன் எல்லாம் சிடிஜேவுக்கு மிக நெருக்கம். எக்ஸ்டிஜே-ஆர்எக்ஸ்3 போன்ற ஒருங்கிணைந்த பெட்டியும் நல்லதே. லேப்டாப்பில் இணைக்கும் சிறிய கன்ட்ரோலரைத் தவிர்க்கச் சொல்வேன். அதில் பிட்ச் ஃபேடர் (வேகத்தை மாற்றும் நகர்த்தி) குட்டை. சிடிஜேவில் இருப்பது 100 மில்லிமீட்டர். குட்டை ஃபேடரில் பழகிய விரல் நீண்ட ஃபேடரில் அளவு தவறும்.

ஆனால் எந்த டெக் என்பதைவிடப் பெரிய மாற்றம் வேறு. வினைலில் தேடுவது, க்யூ (பாட்டைத் தொடங்கும் இடம்) பிடிப்பது, வேகம் கணிப்பது எல்லாமே மேடையில் நடக்கும். சிடிஜேவில் அந்த வேலையில் பெரும்பங்கு முன்கூட்டியே ரெக்கார்ட்பாக்ஸில் முடிந்திருக்க வேண்டும். மேடையில் தடுமாறுகிறவர்களில் பலருக்குக் கையில் குறை இருக்காது, பென்டிரைவில்தான் இருக்கும். அதனால் அதை விரிவாகவே சொல்கிறேன்.

பென்டிரைவ் ஃபேட்32, பார்ட்டிஷன் அமைப்பு எம்பிஆர். ஜிபிடி வைத்தால் பிளேயர் பென்டிரைவையே காணாததுபோல் இருக்கும். பொதுவாக விண்டோஸின் சாதாரண ஃபார்மட் சாளரம் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தராது, அதற்குத் தனி மென்பொருள் வேண்டும். மேக்கில் டிஸ்க் யுட்டிலிட்டியில் எம்எஸ்-டாஸ் ஃபேட், மாஸ்டர் பூட் ரெக்கார்டு என்று தேர்ந்தெடுங்கள்.

பாட்டுகளை இழுத்துப் போட்டுக் காப்பி செய்யக் கூடாது. ரெக்கார்ட்பாக்ஸிலிருந்து பிளேலிஸ்டாக எக்ஸ்போர்ட் செய்தால்தான் அலைவடிவம், பீட் கிரிட் (ஒவ்வொரு அடியிலும் விழும் கோடுகள்), க்யூ, தேடல் பட்டியல் எல்லாம் கூடவே போகும். கழற்றும்போது முதலில் ரெக்கார்ட்பாக்ஸில் எஜெக்ட். பிளேயரில் யுஎஸ்பி ஸ்டாப் பட்டனை விளக்கு அணையும்வரை அழுத்திப் பிடித்த பிறகே உருவுங்கள். அப்படியே பிடுங்கினால் டேட்டாபேஸ் கெட்டுப்போகும். பாட்டு உள்ளே இருக்கும், பட்டியல் வெறுமையாக வரும்.

ஒரே உள்ளடக்கத்தில் இரண்டு பென்டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு டெக்கிலும் ஒன்று. லேன் கேபிளால் இணைத்த பிளேயர்களில் ஒரே பென்டிரைவை இரண்டும் படிக்கும்தான். ஆனால் அந்த ஒன்று அசைந்து கழன்றால் இரண்டு டெக்கும் சேர்ந்து தடுமாறும். இரண்டு பிளேயர் மட்டும் என்றால் நேரடி லேன் கேபிள் போதும், மிக்ஸரையும் சேர்க்க ஸ்விட்சிங் ஹப் தேவை. பிளேயர் எண் இரண்டிலும் வேறுவேறாக இருக்க வேண்டும்.

சுருதிவேகம்:

கைப்பழக்கம் பற்றி நான் சொல்றேன்.

முதல் தடுமாற்றம் எல்லோருக்கும் ஒன்றுதான். டர்ன்டேபிளில் ரெக்கார்டின் லேபிள் பக்கம் விரல் வெச்சு லேசா தடவினா வேகம் குறையும். சிடிஜேவில் வினைல் மோடு எரிஞ்சுகிட்டிருக்கும்போது ஜாக் வீலோட (பிளேயர் மேல இருக்கிற வட்டச் சக்கரம்) மேல்பரப்பைத் தொட்டா பாட்டே நின்னுடும். தள்ளுறது, இழுக்கிறது எல்லாம் வெளிவிளிம்பில் மட்டும்தான். உங்களுக்கு ஸ்கிராட்ச் வேண்டாம்ங்கிறதால வினைல் மோடை அணைச்சே வெச்சிடுங்க. அப்போ மேல்பரப்பைத் தொட்டாலும் பாட்டு நிக்காது, வேகம் மட்டும் கூடும் குறையும்.

அடுத்தது பிட்ச். 1200இல் பிளஸ் மைனஸ் 8 சதவீதம், கீழே இழுத்தா வேகம். சிடிஜேவிலும் கீழே இழுத்தா வேகம்தான், அது மாறலை. ஆனா ரேஞ்சை 6, 10, 16, வைட்னு மாத்தலாம். இதில் 6லயே வெச்சுக்குங்க. அந்த ரேஞ்சில் ஒரு படி 0.02 சதவீதம். 10லயும் 16லயும் ஒரு படி 0.05 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்க: 0.05 சதவீதம் தள்ளியிருந்தா ஒரு நிமிஷத்தில் இரண்டு பாட்டும் 30 மில்லிசெகண்ட் விலகும். இரண்டு பாட்டோட கிக்கும் (பாஸ் டிரம் அடி) பிரிஞ்சு தடதடன்னு கேட்கிற அளவு அது. 0.02 சதவீதம்னா நிமிஷத்துக்கு 12 மில்லிசெகண்ட்தான். ஒரு நிமிஷ பிளெண்டுக்கு (இரண்டு பாட்டும் சேர்ந்து ஓடுற நேரம்) அது தாங்கும்.

எம்கே2வில் ஃபேடர் நடுவில் ஒரு பள்ளம் இருக்குமே, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் துல்லியமா நிறுத்த முடியாம? அந்தத் தொல்லையையும் இங்கே வேற மாதிரி கையாளலாம். பூஜ்யம் வேணும்னா டெம்போ ரீசெட் பட்டன் இருக்கு. அது எரிஞ்சா ஃபேடர் எங்கே இருந்தாலும் வேகம் பூஜ்யம்தான். தெரியாம அழுத்திட்டு, ஃபேடர் வேலை செய்யலைன்னு தேடிக்கிட்டு நிக்காதீங்க.

வினைல் பழக்கத்தில் இங்கே கெடுதல் செய்யறது, சும்மா சும்மா தொட்டுத் திருத்துற கைதான். டர்ன்டேபிளில் ரெக்கார்டு மையம் சரியா இல்லாததாலேயும், ஊசி இழுவையாலேயும் வேகம் கொஞ்சம் அலைஞ்சுகிட்டே இருக்கும். அதனால கை எப்பவும் தட்டு மேல இருக்கும். சிடிஜேவில் ஃபைல் வேகம் அசையாது. இரண்டு பாட்டும் ஸ்டெடி டெம்போவா இருந்து ஒருமுறை பூட்டிட்டா, கையை எடுத்துடுங்க. விலகுதேன்னு சந்தேகப்பட்டு நீங்க தட்டுற தட்டுதான் விலக வைக்கும். உண்மையாவே விலகினா, ஜாக்கில் தட்டிச் சரி பண்ணிட்டு உடனே ஃபேடரையும் ஒரு படி நகர்த்துங்க. தட்டினது நடந்துபோன விலகலை மட்டும்தான் மூடும், காரணம் ஃபேடரில்தான் இருக்கு.

மாஸ்டர் டெம்போ: வினைலில் 6 சதவீதம் வேகம் கூட்டினா சுருதி ஏறக்குறைய ஒரு அரைச்சுரம் ஏறும். 8 சதவீதம்னா ஒன்றேகால் அரைச்சுரத்துக்கும் கொஞ்சம் மேல. மாஸ்டர் டெம்போ போட்டா சுருதி மாறாது. ஆனா அதுக்கு விலை உண்டு. கிக், ஸ்னேர் அடியோட கூர்மை மழுங்கும், குரலில் ஒரு நடுக்கம் வரும். 2, 3 சதவீதத்துக்குள்ள இருந்தா அணைச்சு வெச்சு வாசிங்க, சத்தம் உயிரோட இருக்கும். குரல் மேல குரல் வர்ற பிளெண்டுக்கு மட்டும் போட்டா போதும்.

க்யூ: ரெக்கார்டை முன்னும் பின்னும் ஆட்டி முதல் கிக்கைப் பிடிக்கிற வேலை இங்கே இல்லை. பாட்டை நிறுத்தி வெச்சு, சரியான இடத்தில் க்யூ அழுத்தினா அது பதிவாகும். பிறகு க்யூவை அழுத்திப் பிடிச்சா அங்கிருந்து ஓடும், விட்டா திரும்பி வந்து நிக்கும். பாட்டு வெளியே ஓடிக்கிட்டிருக்கும்போது அந்த டெக்கோட க்யூவைத் தொட்டா பாட்டு வெட்டுப்பட்டு க்யூ வெச்ச இடத்துக்குத் திரும்பி நின்னுடும். முதல் சில செட்டில் கையைக் கவனமா வெச்சுக்குங்க.

பீட்கிரிட்:

மேலே இருவரும் சொன்னதோடு ஒலி அளவு பற்றியும் கிரிட் பற்றியும் சேர்க்க வேண்டும்.

கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். அதுவும் ரியா (ஆர்ஐஏஏ) வளைவு என்ற பதிவு முறையில் பாஸ் குறைத்து, ட்ரெபிள் கூட்டி வெட்டப்பட்ட ஒலி. மிக்ஸரின் ஃபோனோ உள்ளீடு அதைத் தலைகீழாகத் திருப்பிப் பெருக்குகிறது. சிடிஜே தருவது ஏறக்குறைய 2 வோல்ட் லைன் அளவு. மிக்ஸர் சுவிட்சு ஃபோனோவில் இருக்கும்போது சிடிஜே கேபிளைச் செருகினால் பாஸ் வீங்கி, எல்லாம் கிழிந்துதான் கேட்கும். செட் தொடங்கும் முன் இரண்டு சேனல் சுவிட்சையும் பாருங்கள்.

புதிய டிஜிட்டல் மாஸ்டர்கள் மிகவும் சத்தமானவை, உங்கள் ரிப்புகள் (ரெக்கார்டிலிருந்து பதிந்த ஃபைல்கள்) அப்படி இருக்காது. இரண்டும் கலந்த பிளேலிஸ்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் ட்ரிம் (சேனலின் உள்ளீட்டு அளவு) குமிழைத் திருத்தியே ஆக வேண்டும். ரிப்பைச் சத்தமாக்க லிமிட்டர் போட்டு நசுக்குவதைவிட, சத்தமான ஃபைலுக்கு ட்ரிம்மைக் குறைப்பது நூறு மடங்கு மேல்.

கிரிட் விஷயத்தில் ஒரே ஒரு சோதனை. முதல் அடியில் கோடு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நேராகப் பாட்டின் கடைசி நிமிடத்துக்குப் போங்கள். அங்கேயும் கோடு கிக் மேல் இருந்தால் சரி. விலகியிருந்தால் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி) எண்ணின் தசமம் தவறு. 125 பிபிஎம் பாட்டில் வெறும் 0.01 தவறினாலே ஆறு நிமிடத்தில் 29 மில்லிசெகண்ட் விலகும். ரிப் செய்த பாட்டில் 124.87 மாதிரி எண் வருவது இயல்பு. அதை 125 என்று முழுமையாக்கிவிடாதீர்கள்.

கிரிட் சரியாக இருக்கும் பாட்டுகளுக்கு சிங்க் (பிளேயர் தானாகவே பீட்மேட்ச் செய்யும் வசதி) போடுவதில் எந்த வெட்கமும் வேண்டாம். அந்த நேரத்தில் ஈக்யூவையும் அடுத்த பாட்டையும் கவனிக்கலாம்.

சுருதிவேகம்:

சிங்க் பற்றி ஒரு மறுப்பு. அதைப் போடலாம், ஆனா அதை நம்பிப் போகக் கூடாது. கிரிட் அரை பீட் தள்ளி உட்கார்ந்த ஒரு பாட்டு போதும், சிங்க் அந்தத் தவறை அச்சு பிசகாம மேடையில் கொண்டுவந்துடும். குவான்டைஸும் அப்படித்தான். க்யூ, லூப் எல்லாத்தையும் தவறான கோட்டுக்கு இழுத்துட்டுப் போகும். இவர்கிட்ட காது இருக்கு. குறைந்தது ரிப் பாட்டுகளுக்கு இரண்டையும் அணைச்சு வாசிக்கட்டும்.

பீட்கிரிட்:

ரிப் பாட்டுகளுக்கு ஏற்றுக்கொள்கிறேன். கிரிட்டைக் கடைசிவரை சோதிக்காத எந்தப் பாட்டுக்கும் அதே விதிதான்.

கருவட்டு45:

மிக்க நன்றி. திரைப்பாடல்கள்தான் எனக்குக் கவலை. தாளம் முழுக்க மனிதக் கை. பல்லவியில் ஒரு வேகம், சரணத்தில் இன்னொன்று. ரெக்கார்ட்பாக்ஸில் இவற்றை எப்படிக் கிரிட் போடுவது? ரிப் செய்யும் படிகளையும் யாராவது சொல்லுங்கள்.

ஊசிமுனை:

படிகளைச் சொல்கிறேன். 1200ஐ விற்றுவிடாதீர்கள், இந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது.

முதலில் தட்டைக் கழுவுங்கள். ஊசிக்கு அடுத்தபடி ரிப்பின் தரத்தை முடிவு செய்வது இதுதான். பிறகு ஊசி: டிஜே கார்ட்ரிட்ஜின் உருண்டை முனை முன்பின் ஆட்டுவதைத் தாங்கச் செய்யப்பட்டது, உட்பக்க வரிகளில் ச, ஷ ஒலிகளைக் கரகரப்பாக்கும். ரிப்புக்கு நீள்வட்ட முனை உள்ள சாதாரண ஹைஃபை கார்ட்ரிட்ஜ் ஒன்றைத் தனி ஹெட்ஷெல்லில் மாட்டிவையுங்கள். கன்கார்ட் கிளப்பில் 3 கிராம் அழுத்தம் வைப்போம். ஹைஃபை ஊசி பலவற்றுக்கு 2 கிராம் அல்லது அதற்குள்தான், அதன் கையேட்டில் உள்ளதை வையுங்கள். ஆன்டி-ஸ்கேட்டையும் அதற்கேற்ப மாற்றுங்கள். ஹெட்ஷெல் மாற்றும்போது நான்கு ஒயர்: வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். ஒரு பக்கம் மாறிப்போனால் ஸ்டீரியோவில் பாஸ் காணாமல் போகும்.

பிட்ச் பூஜ்யத்தில், பச்சை விளக்கு எரிய வேண்டும். ஸ்ட்ரோப் விளக்கில் பெரிய புள்ளி வரிசை அசையாமல் நிற்க வேண்டும். மிக்ஸர் வழியாகப் போகாமல் ஃபோனோ ப்ரீஆம்பிலிருந்து நேராக ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு. கிரவுண்ட் ஒயரை ப்ரீஆம்பில் கட்டுங்கள், இல்லாவிட்டால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பதிவாகும். அறையில் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஹெட்போனில் கேளுங்கள். ஸ்பீக்கர் அதிர்வு ஊசிக்குத் திரும்பி வந்து பாஸில் சேரும்.

24 பிட்டில் பதியுங்கள். தட்டின் மிகச் சத்தமான இடம் மைனஸ் 6 டெசிபலைத் தொட்டால் போதும். பதிந்த பிறகு 25, 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். கிளப் சப்வூஃபரில் அந்த உறுமல் மட்டும்தான் கேட்கும், இசை அங்கே இல்லை. பெரிய வெடிப்புகளை ஒவ்வொன்றாகக் கையால் திருத்துங்கள். தானியங்கி டீ-கிளிக்கை அழுத்தமாகப் போட்டால் தபலாவின் விளிம்பு அடி, ஹை-ஹேட் எல்லாவற்றையும் கீறல் என்று நினைத்துத் தின்றுவிடும். கடைசி அளவை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்துங்கள்.

மேடைக்கு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஏஐஎஃப்எஃப் (சுருக்காத ஒலி ஃபைல் வகை). நிமிடத்துக்கு 10 எம்பி. 300 பாட்டு, ஐந்தைந்து நிமிடம் என்றால் 15 ஜிபி, எந்தப் பென்டிரைவிலும் அடங்கும். ஆனால் பதிவு நேரம் மட்டுமே 25 மணி, திருத்துவதற்கு அதைப்போல இரண்டு மடங்கு ஒதுக்குங்கள். ஆகவே எல்லாவற்றையும் ரிப் செய்யாதீர்கள். நல்ல டிஜிட்டல் பிரதி விற்பனைக்கு உள்ள ஹவுஸ் தட்டுகளை ஃபைலாகவே வாங்கிவிடுங்கள். வேறெங்கும் கிடைக்காதவற்றுக்கு உழைப்பைச் செலவிடுங்கள்.

இனி திரைப்பாடல் கிரிட். ரெக்கார்ட்பாக்ஸில் அனலிசிஸ் மோடை டைனமிக் என்று மாற்றினால் வேக மாற்றத்தைப் பின்தொடர்ந்து கோடு போடும். சதுஸ்ர (நாலு நாலாக எண்ணும்) நடைப் பாடல்களுக்கு அது ஓரளவு நன்றாகவே வரும். திஸ்ர (மூன்று மூன்றாக எண்ணும்) நடையில்தான் சிக்கல். மென்பொருள் எல்லாவற்றையும் நாலு நாலாக எண்ணும், ஆறு எட்டு பாடலில் முதல் அடி ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் இடம் மாறிக் காட்டும். பிபிஎம்மும் ஒன்றரை மடங்காகத் தவறி வருவதுண்டு: 90 வர வேண்டிய இடத்தில் 135. அந்தப் பாடல்களில் கிரிட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். முன்னிசை தொடங்கும் இடம், பல்லவி, ஒவ்வொரு சரணம், இடையிசை தொடங்கும் இடம், இவற்றில் மெமரி க்யூ (முன்கூட்டியே சேமிக்கும் இடக்குறி) வைத்துவிட்டு சிங்க், குவான்டைஸ் இரண்டையும் அணைத்து வாசியுங்கள். இப்படிப்பட்ட பாட்டில் நீண்ட பிளெண்ட் வேண்டாம். இடையிசையில் தாளம் மட்டும் ஓடும் சில ஆவர்த்தனம் கிடைத்தால் அதைக் கையால் லூப் பிடித்து, வேகம் அசையாத ஹவுஸ் பாட்டை அதன் கீழே கொண்டுவாருங்கள். சுருதிவேகம் சொன்ன "தொட்டுக்கொண்டே இருக்காதீர்கள்" இங்கே பொருந்தாது. வினைலில் செய்ததுபோல விளிம்பில் விரல் இருந்துகொண்டே இருக்கட்டும்.

ஆட்டோ க்யூவையும் கவனியுங்கள். ஒலி தொடங்கும் இடத்தில் தானாக நிற்கும் வசதி அது. ரிப்பில் பாட்டுக்கு முந்தைய கீறல் ஒலியையே தொடக்கம் என்று எடுத்துக்கொள்ளும். ஆட்டோ க்யூ லெவலை மெமரி என்று மாற்றுங்கள், நீங்கள் வைத்த முதல் மெமரி க்யூவில் வந்து நிற்கும். இந்த அமைப்பை மை செட்டிங்ஸில் சேமித்துப் பென்டிரைவிலேயே கொண்டுபோகலாம், ஒவ்வொரு மேடையிலும் திரும்ப மாற்ற வேண்டியதில்லை.

பாட்டுப் பெயரை ஆங்கில எழுத்திலும் போட்டுவையுங்கள். பிளேயர் திரையில் தமிழ் எழுத்து சரியாக வருமென்று நம்பி இருக்க வேண்டாம். இசையமைப்பாளர் பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து எல்லா ஃபைலிலும் அதையே வையுங்கள். நாலு விதமாக இருந்தால் இருட்டில் தேடும்போது நாலில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

கருவட்டு45:

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்து அப்படியே பென்டிரைவில் போட்டால் என்ன? நெக்ஸஸ்2 படிக்கிறதே. வேவ் ஃபைலாகவே வைக்கலாமா?

நாலுக்குநாலு:

நெக்ஸஸ்2 அதைப் படிக்கும், ஃபிளாக்கும் (தரம் குறையாமல் சுருக்கிய ஃபைல் வகை) படிக்கும். ஆனால் அடுத்த மேடையில் பழைய சிடிஜே-2000 அல்லது முதல் நெக்ஸஸ் இருந்தால் 96ம் ஓடாது, ஃபிளாக்கும் ஓடாது. இருப்பதில் மிகப் பழைய பிளேயருக்கு ஏற்றபடி தயார் செய்வதே பாதுகாப்பு. 96இல் பதிந்த மூலத்தை வீட்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள், நிமிடத்துக்கு 35 எம்பி ஆகும். அதிலிருந்து மேடைப் பிரதியை எடுங்கள்.

வேவில் இரண்டு தொல்லை. பாட்டுப் பெயர், கலைஞர் பெயர் போன்ற குறிப்புகள் அதில் நம்பகமாகத் தங்காது. இரண்டாவது, சில மென்பொருள்களும் சில விற்பனைத் தளங்களும் ஃபைலின் தலைப்பகுதியை எக்ஸ்டென்சிபிள் என்ற வகையில் எழுதுகின்றன. உள்ளே இருப்பது சாதாரண 16 பிட் ஒலிதான், லேப்டாப்பில் நன்றாக ஓடும். பிளேயரில் ஏற்றினால் இ-8305 என்று பிழை காட்டி மறுத்துவிடும். அந்த எண்ணைப் பார்த்தால் பென்டிரைவைச் சந்தேகிக்க வேண்டாம், அந்த ஃபைலை மட்டும் ஏஐஎஃப்எஃப் ஆக மாற்றி, ரெக்கார்ட்பாக்ஸில் ரீலொகேட் (பழைய பதிவைப் புதிய ஃபைலோடு இணைப்பது) செய்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ரீலொகேட் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. புதிய ஃபைலைத் தனியாகச் சேர்த்தால் பழையதில் நீங்கள் வைத்த க்யூவும் கிரிட்டும் அதற்கு வராது.